துண்டும் சீட்டும்

வங்கி என்றொரு நிலையம் உண்டென்று அறிவதற்கு முன்னரே சேமிப்பு யாதென அறிந்திருந்தவர் நம் தோட்டத்துத் தாய்மார். சம்பள நாளுக்கு மறுநாள் மாலை, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலைத் தலைப்பிலே துடைத்துக்கொண்டு, லயத்தின் ஒரு வீட்டிலே பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவர். கொப்பி ஒன்று விரிக்கப்படும். பெயர்கள் வாசிக்கப்படும்; பணம் எண்ணப்படும்; சுருட்டிய கடதாசித் துண்டுகள் ஒரு டம்ளரிலே இடப்படும்; சிறு குழந்தையொன்று அவற்றுள் ஒன்றை எடுக்கும். அம்மாதத்துக் காசு யாருக்கு என்பது அவ்வளவில் முடிவாகிவிடும். ராகலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளர்ந்த பழைய மாணவர்க்கு இக்காட்சி புதிதன்று. நம்முள் பலருடைய படிப்புச் செலவு அந்த டம்ளரிலிருந்து வந்தது என்பதும் மறக்கற்பாலதன்று.

இச்சீட்டு முறை எவ்வாறு இயங்குகின்றது, எதனால் நிலைக்கின்றது, எதனால் உடைகின்றது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 'எல்லாம் நம்பிக்கைதான்' என்று ஒரே சொல்லில் இதனை விளக்கிவிடுவது வழக்கம். ஆயின் அந்நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் ஒழுங்குகள் சில உள. அவை தளருமிடத்து நம்பிக்கையும் தளரும். நல்லவர்கள் கூடிய சீட்டும் ஒழுங்கில்லையேல் உடையும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

துண்டு

சீட்டின் அருமையை உணர்வதற்கு முதலில் 'துண்டு' என்பதனை அறிதல் வேண்டும். கோப்பிக் காலத்திலும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டதன் பின்னரும், தென்னிந்தியாவிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தவர் கங்காணிமார். வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கையாற் கொடுக்கப்பட்டன. அவை தொழிலாளியின் பெயரிற் கடனாயின. தோட்டத்தில் முதல் நாட் பேர் விழுமுன்னரே அவன் கடனாளி ஆனான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடிதம் வேண்டும். அக்கடிதமே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கட்டிய தொகை மீண்டும் தொழிலாளியின் தலையிலே ஏறும். இவ்வாறு ஆள் மாறாமல் கடன் மாத்திரம் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. கடைக் கணக்கு, அடகு, வட்டிக் காசு, தீபாவளி முற்பணம் எனப் பல பெயர்களில் அது தொடர்ந்தது. இக்கடன் ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் உரிமையாளர் இருந்தார். சீட்டிலேயோ கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் அதே பன்னிரண்டு பேரே. இன்று வாங்கியவர் நாளை கொடுப்பவர். எசமானன் இல்லாத கடன் ஒன்றைத் தொழிலாளர் தம் கையாலே ஆக்கிக்கொண்டனர் என்பதே சீட்டின் பெருமை.

சீட்டின் கணக்கு

2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவ்விகிதத்தில் மாதம் 20 நாட் பேர் விழுந்தால், பிடிமானங்கள் கழியுமுன் 27,000 ரூபா வரும். இத்தகைய வருமானமுள்ள 12 பேர் மாதம் 2,500 ரூபா வீதம் கட்டும் சீட்டொன்றை எடுத்துக்கொள்வோம். மாதந்தோறும் சேர்வது 30,000 ரூபா. அதாவது ஒருவரின் முழு மாதச் சம்பளத்திலும் சற்று அதிகம். கூரைத் தகரமோ, தையல் இயந்திரமோ, பிள்ளையின் கல்விச் செலவோ இத்தொகையில் நிறைவேறும். பன்னிரண்டு மாதத்திலே ஒவ்வொருவரும் 30,000 கட்டுகின்றனர். ஒவ்வொருவரும் 30,000 பெறுகின்றனர். வட்டி என்பது எவரும் எவர்க்கும் கொடுப்பதில்லை.

அப்படியாயின் இலாபம் எங்கே என்று மாணவர் வினவலாம். தனித்தனியே உண்டியலிற் சேமித்தால் 12 பேரும் பன்னிரண்டாம் மாதம் வரை காத்திருத்தல் வேண்டும். சீட்டிலே முதலாமவர் முதல் மாதத்திலும் இரண்டாமவர் இரண்டாம் மாதத்திலும் பெறுகின்றனர். சராசரியாகக் கணக்கிட்டால் ஒருவர் காத்திருப்பது ஆறரை மாதமே. இறுதியாகப் பெறுபவருக்கு உண்டியலோடு ஒப்பிடத் தாமதம் எதுவும் இல்லை. ஏனைய பதினொருவரும் முந்திப் பெறுகின்றனர். ஒருவர்க்கும் நட்டமின்றிப் பதினொருவர்க்கு நன்மை தரும் இவ்வேற்பாட்டை 1993ஆம் ஆண்டில் பெஸ்லி, கோட், லௌரி என்னும் பொருளியலார் மூவர் அமெரிக்கப் பொருளியல் ஏடொன்றிலே கணித முறையால் நிறுவினர். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் அதனை டம்ளரிலே குலுக்கிக் காட்டினர்.

மேற்கூறியது குலுக்கற் சீட்டு. நகரத்துக் கடைக்காரரும் உத்தியோகத்தரும் பெரும்பாலும் விரும்புவது ஏலச்சீட்டு. 20 பேர் 5,000 ரூபா வீதம் கட்டினால் சீட்டுத் தொகை ஒரு இலட்சம். பணம் அவசரமாக வேண்டியவர்கள் 'இவ்வளவு கழித்துக்கொண்டு தந்தாற் போதும்' என்று கேட்பர். அதிகம் கழிக்க இசைபவருக்குச் சீட்டு. ஒருவர் 20,000 கழித்து 80,000க்கு எடுக்கின்றார் என்க. சீட்டுப் பிடிப்பவரின் கூலி நூற்றுக்கு 5 என்று பேசியிருந்தால் அது 5,000. எஞ்சிய கழிவு 15,000ஐ 20 பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 750. ஆகவே அம்மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 4,250. இருபதால் பெருக்கினால் 85,000 வரும். எடுத்தவருக்கு 80,000, பிடிப்பவருக்கு 5,000. கணக்கு நேராகின்றது.

இங்கே வட்டி மறைந்து நிற்கின்றது. கைக்கு வந்த 80,000க்கு 20,000 இழப்பென்பது நூற்றுக்கு 25. பின்வரும் மாதங்களின் கழிவுப் பங்கு அதிலே ஒரு பகுதியைத் திருப்பித் தருமெனினும், அவசரத்திலே ஏலம் கேட்பவர் அடகுக் கடைக்குக் கொடுப்பதிலும் அதிகம் கொடுத்துவிடுதல் கூடும். பொறுத்திருப்பவர்க்குச் சேமிப்பும், அவசரக்காரருக்குக் கடனும் ஆவது ஏலச்சீட்டு. எவர் எப்பொழுதும் அவசரக்காரராகவே இருக்கின்றாரோ அவர் அதிற் சேராதிருப்பதே நலம்.

பணத்துக்குப் பதிலாகப் பாத்திரமோ அரிசியோ துணியோ முறை வைத்துப் பெறும் பொருட்சீட்டும் உண்டு. இது சிங்கள அயலவரிடையேயும் பரவலானது. அவர்களும் இதனைச் 'சீட்டு' என்றே அழைப்பது, இரு சாராரும் ஒரே வறுமையை ஒரே முறையால் எதிர்த்தனர் என்பதற்குச் சான்றாகும்.

உலகெங்கும் உள்ள உறவினர்

இம்முறை நமக்கே உரியதன்று. யாவாவில் அரிசான், கொரியாவில் கியே, சீனரிடையே ஹூய், எத்தியோப்பியாவில் எக்குப், மேற்காபிரிக்காவில் சூசு, மெக்சிக்கோவில் தாண்டா எனப் பல பெயர்களில் இது வழங்குகின்றது. மலேசியாவிலே இதற்குக் கூத்து என்று பெயர். நம் 'கூட்டு' என்ற சொல்லை அது நினைவூட்டுகின்றது. 1962ஆம் ஆண்டில் மானிடவியலார் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், இச்சங்கங்களை நாட்டு வாழ்விலிருந்து வாணிப வாழ்வுக்கு ஏறும் ஏணியின் நடுப்படி என்றும், வங்கிகள் பெருகியதும் இவை தாமே மறையும் என்றும் கருதினார். ஈராண்டு கழித்துச் சேர்லி ஆர்டனர் என்னும் அம்மையார் பல நாட்டுச் சங்கங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து, அவ்வாறு மறையும் என்று கொள்ளற்கில்லை எனக் காட்டினார். அம்மையாரின் கருத்தே வென்றது. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வங்கி வாயிலுக்கு எதிர் வீட்டிலே வாழும் நம்மவர் இன்றும் சீட்டுக் கட்டுகின்றனர்.

அரசுகள் இம்முறையைப் பலவாறு நோக்கின. மலேசியா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதனைத் தடுத்தது. யப்பானிலே முஜின் எனப்பட்ட சீட்டுக் கம்பனிகள் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பரஸ்பர வங்கிகளாக மாறின. கேரள அரசு 1969ஆம் ஆண்டில் தானே ஒரு சீட்டு நிறுவனத்தைத் தொடங்கிற்று. சென்னை மாநிலம் 1961இலும் இந்திய மத்திய அரசு 1982இலும் சீட்டுச் சட்டம் இயற்றின. மத்திய சட்டம் நடத்துபவரின் கூலிக்கு நூற்றுக்கு 5 என வைத்த எல்லை 2019ஆம் ஆண்டில் 7 ஆக்கப்பட்டது. இலங்கையிலே 1935ஆம் ஆண்டிலேயே சீட்டுகளுக்கென்று தனிக் கட்டளைச் சட்டம் எழுந்தது. சட்டங்கள் இவ்வளவு வேறுபடினும் அவற்றின் கவலை ஒன்றே: பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் ஓடிவிட்டால் என்ன செய்வது?

உடைந்த சீட்டு

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறித்தல் தகும். எங்கள் லயத்திலே சீட்டுப் பிடித்தவர் எல்லோராலும் அக்கா என்று அழைக்கப்பட்டவர், நேர்மையானவர். பன்னிருவராய்த் தொடங்கிய சீட்டு ஒழுங்காக நடந்தது. அதைக் கண்டு அடுத்த டிவிசனிலிருந்தும் கடைவீதியிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். ஒரு சீட்டு மூன்று சீட்டாயிற்று. ஒருவர் கட்டத் தவறிய மாதத்தில், குறையை வெளியே சொல்ல நாணிய அக்கா, ஒரு சீட்டின் பணத்தை எடுத்து மற்றச் சீட்டுக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் இரண்டு குறைகள். அதற்கடுத்த மாதம் நான்கு. கொப்பியோ அவர் ஒருவர் கையிலேதான் இருந்தது. செய்தி வெளிவந்த அன்று, முன்னரே காசு எடுத்திருந்தவர்கள், "சீட்டே உடைஞ்சிருச்சே, இனி என்னத்துக்குக் கட்டுறது?" என்று நின்றுவிட்டனர். என் தாயார் எட்டு மாதம் கட்டியிருந்தார், எடுத்திருக்கவில்லை. அவ்வாண்டு என் விடுதிப் பணத்துக்காக அவருடைய தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

அக்காவை ஏசாதவர் லயத்திலே என் தாயார் ஒருவர்தான். "எடுத்தவங்க எல்லாம் கட்டியிருந்தா அவளால சமாளிச்சிருக்க முடியும்டா" என்றார். சீட்டைப் பற்றி யான் பின்னாளிற் படித்த நூல்கள் யாவும் இவ்வொரு வாக்கியத்துக்கு உரையாகவே தோன்றின. சீட்டின் உயிர் அதன் பிற்பாதியிலே இருக்கின்றது. காசு எடுக்காதவர் தம் முறைக்காகக் கட்டுவார், அதற்கு வியப்பில்லை. எடுத்து முடித்தவர் கடைசித் தவணை வரை கட்டுவதற்கு என்ன காரணம் என்பதே வினா. அக்காரணத்தை உண்டாக்குவனவே ஒழுங்குகள்.

ஒழுங்குகள்

அவற்றுள் முதன்மையானது சிறுமை. ஒருவரையொருவர் அன்றாடம் பார்ப்பவர்களே சேர்தல் வேண்டும். பீலிக்கரையிலும் பிரட்டுக்களத்திலும் முகம் பார்க்க வேண்டியிருத்தலே பிணை. 'என் சிநேகிதியின் சிநேகிதி' என்று வருபவரோடு அப்பிணை அறுகின்றது.

இரண்டாவது, தொகை. கூட்டத்திலே மிகக் குறைந்த வருமானமுள்ளவர் தடையின்றிக் கட்டக்கூடிய தொகையே சீட்டின் தொகையாதல் வேண்டும். வல்லவர் இரண்டு பெயர் போட்டுக்கொள்ளலாம். எளியவரை இழுத்து உயர்த்துதல் கூடாது.

மூன்றாவது, காலம். கட்டும் நாள் சம்பளத்துக்கு மறுநாளாயிருத்தல் நன்று. பத்து நாள் பிந்தினாற் காசு கடைக்குப் போய்விடும். சீட்டு ஓராண்டுக்குள் முடிந்து கணக்கு முற்றாகத் தீர்தல் வேண்டும். முடிந்தபின் புதிதாகத் தொடங்கும்போது ஒழுங்கீனரைச் சேர்க்காமல் விடலாம். அடுத்த சீட்டிலே தமக்கு இடமில்லாமற் போகும் என்னும் அச்சமே, எடுத்தவரையும் கட்டச் செய்யும் பெரிய காரணமாகும்.

நான்காவது, முறை. புதியவருக்குப் பிந்திய முறையும் பலமுறை நேர்மை காட்டியவருக்கு முந்திய முறையும் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். வீட்டிலே மரணமோ திருமணமோ நேர்ந்தால் முறையை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும். இம்மாற்றத்தினாலேயே சீட்டு வெறுஞ் சேமிப்பாக நில்லாது பரஸ்பர உதவியாகின்றது. சீட்டுப் பிடிப்பவர் முதற் சீட்டைத் தாமே எடுப்பது பழைய வழக்கு. ஒருவர் தவறினால் தம் காசைப் போட்டு நிரப்பும் பொறுப்புக்கு அது கூலி. பொறுப்பை ஏற்காமற் கூலியை மாத்திரம் எடுப்பவரிடம் சேர்தல் ஆகாது.

ஐந்தாவது, கணக்கு. கொப்பி ஒருவர் கையிலே மட்டும் இருப்பது அக்கொப்பிக்காரர்க்கே ஆபத்து. ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை இருந்து, கட்டிய நாளும் தொகையும் அதிலே குறிக்கப்பட்டு, இருவர் கையெழுத்திடல் வேண்டும். இப்பொழுது பலர் கைப்பேசிக் குழுவிலே இதனைப் பதிகின்றனர்; அதுவும் நன்றே. ஆயினும் குறை நேர்ந்த மாதத்திலே அதனை அனைவரும் கூடிய இடத்தில் வாய்திறந்து சொல்லும் வழக்கமே பெரிய காவல். அக்கா ஒளித்தது பணத்தையன்று, குறையை.

ஒழுங்கும் காவாத இடம்

ஒழுங்குகள் எல்லாம் இருந்தும் சீட்டு தளரும் சூழ்நிலை ஒன்றுண்டு. நம் தோட்டத்துச் சீட்டிலே பன்னிருவரும் ஒரே மலையிலே கொழுந்து பறிப்பவர். வரட்சி மாதங்களிற் கொழுந்து குறைந்து, பேர் குறைந்தால் பன்னிருவர்க்கும் ஒருங்கே குறையும். 2021ஆம் ஆண்டிலே இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது தேயிலையும் மரக்கறியும் ஒருங்கே நலிந்தன. 2025 நவம்பரில் திட்வாப் புயலால் மலையகத்திலே மண் சரிந்தபோது, ஒரே லயத்தார் அனைவரும் ஒரே இரவிலே இழந்தனர். அயலவர் என்பதனால் நம்பிக்கை கூடுகின்றது. அயலவர் என்பதனாலேயே துன்பமும் ஒருங்கே வருகின்றது. ஆதலின் ஒரே மலைத் தொழிலாளரோடு மரக்கறித் தோட்டக்காரர், கடைச் சிப்பந்தி, ஆசிரியர், கொழும்பிலே வேலை செய்யும் பிள்ளையையுடையவர் எனப் பல வருவாயினரும், முகம் அறிந்தவராயின், கலந்திருத்தல் நன்று.

விலைவாசி உயர்வு மற்றொன்று. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 69.8 உயர்ந்து நின்றது. அவ்வாண்டு முதலிற் சீட்டெடுத்தவர் வாங்கிய தகரத்தை, அதே தொகைக்குக் கடைசியில் எடுத்தவர் வாங்க இயலவில்லை. தொகை சமம், பயன் சமமன்று. அத்தகைய காலத்திற் சீட்டை ஆறு மாதத்துக்குள் முடித்துக்கொள்வதும், கடைசியில் எடுப்பவருக்கு அடுத்த சீட்டிலே முதன்மை தருவதும் நியாயமாகும்.

சீட்டைப் போன்று தோன்றும் போலிகளிடத்தும் விழிப்பு வேண்டும். புதிய ஆட்களைச் சேர்த்தாற்றான் பழைய ஆளுக்குக் காசு வரும் என்று கூறும் எந்தத் திட்டமும் சீட்டன்று. அத்தகைய பிரமிட் திட்டங்களை நம் வங்கிச் சட்டம் தடை செய்துள்ளது. சீட்டிலே சேரும் காசும் பிரியும் காசும் எப்பொழுதும் சமம். கட்டியதைவிடப் பன்மடங்கு வரும் என்பவர் கணக்கு அறியாதவர், அன்றேல் நம்மைக் கணக்கறியாதவர் என்று எண்ணுபவர். பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக்கும் நுண்கடன்களும் சீட்டின் முகத்தைக் கொண்டவையே. ஆனால் அங்கே வட்டி மலையை விட்டு வெளியே போகின்றது. கடனுக்கு மீண்டும் ஓர் எசமானன் வந்துவிடுகின்றான். முகம் பார்க்கும் அயலவரின் நாணத்தை அந்நியர் வட்டி வசூலுக்குப் பயன்படுத்துவது பழைய துண்டின் மறு உருவம் எனலாம்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

சீட்டினால் எல்லாத் தேவையும் தீரும் என்று யாம் கூறவில்லை. பெரிய நோய்க்கும் முதுமைக்கும் அது போதாது. மரணத்துக்கு மரண உதவிச் சங்கம், முதுமைக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதி, தொழில் முதலுக்குக் கூட்டுறவுச் சிக்கனக் கடன் சங்கம் என ஒவ்வொன்றுக்கும் இடமுண்டு. ஆயினும் சீட்டிலே பன்னிருவராய்க் கணக்கெழுதிப் பழகியவர்களே நாளை கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கையும் கேள்வி கேட்க வல்லவராவர்.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவர் பலருடைய இல்லங்களிலே சீட்டுக் கொப்பி ஒன்று இருக்கும். அதிலே பெயரும் தொகையும் எழுதும் வேலை பெரும்பாலும் படிக்கும் பிள்ளைக்கே வாய்க்கின்றது. அதனைச் சில்லறை வேலையென எண்ணற்க. நாளும் தொகையும் பிழையின்றிக் குறியுங்கள். ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுங்கள். குறை கண்டால் அம்மாவிடம் அன்றே சொல்லுங்கள், கூட்டத்திலே வாசியுங்கள். வங்கிகளிலும் கணக்கியற் பணியிலும் உள்ள பழைய மாணவர், விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒரு மாலையை இதற்கென ஒதுக்கி, லயத்தாரோடு அமர்ந்து கொப்பியைப் பார்த்துக் கொடுத்தல் வேண்டும்.

அக்காவின் சீட்டு உடைந்து இரண்டு மாதத்தின் பின் எங்கள் லயத்திலே மீண்டும் ஒரு சீட்டுத் தொடங்கிற்று. பன்னிருவரே, தொகையும் சிறிது. இம்முறை கொப்பிகள் இரண்டு. ஒன்றை என் தாயார் என் கையிலே கொடுத்தார். அவருடைய தோட்டை மீட்டது அச்சீட்டின் ஏழாம் மாதத்துக் காசு.